பயண ஆல்பத்துக்குத் துணி உறை: ஒட்டுவதா, தைப்பதா, சுற்றிக் கட்டுவதா?

ஒகேனக்கல் போய்வந்த மறுநாள் அக்கா மகள் ஒரு தடித்த நோட்டோடு வந்து நின்றாள். பென்னாகரம் பஸ் டிக்கெட், பரிசல் சவாரிக்குக் கொடுத்த ரசீது, பிரிண்ட் போட்ட பத்துப் பதினைந்து போட்டோ, ஆற்றோரம் பொறுக்கிய ஒரு காய்ந்த இலை எல்லாம் அதற்குள் ஒட்டியிருந்தாள். "சித்தி, இதுக்கு ஒரு துணி அட்டை போட்டுக் குடுங்க. கடையில விக்கிறது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றாள். தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள் நான். அரை நாள் வேலைதானே என்று, "சரி கண்ணு, வச்சிட்டுப் போ" என்று வாங்கி வைத்தேன். கடைசியில் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். மூன்று விதமாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் எது சரிவரும் என்று தெரிந்தது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூட நோட்டு வாங்கிய நாளில் என்ன தடிமனோ அதே தடிமனில்தான் கடைசிவரை இருக்கும். பயண ஆல்பம் அப்படி இருக்காது. பக்கத்துக்குப் பக்கம் போட்டோவும் டிக்கெட்டும் ஏற ஏற, முதுகுப் பக்கம் அப்படியே இருக்க, திறக்கிற வாய்ப் பக்கம் மட்டும் பிளந்துகொண்டு போகும். இவளுடைய நோட்டில் முதுகு ஒரு அங்குலம். வாயை அளந்தால் இரண்டே கால் அங்குலம். அதுவும் பாதிப் பக்கம்தான் ஒட்டியிருந்தாள். நூலோ திருகாணியோ போட்டுக் கட்டிய ஆல்பமாக இருந்தால் முதுகும் சேர்ந்து அகலும். உறை எதுவானாலும் இந்த வளர்ச்சிக்கு அது இடம் கொடுக்குமா என்பதுதான் முதல் கேள்வி. அழகு அடுத்துத்தான்.

நான் முதலில் செய்தது ஒட்டு அட்டை. பைண்டிங் கடையில் காலிகோ துணி ஒட்டித் தருகிறார்களே, அந்த முறை. அட்டையை விட நாலு பக்கமும் முக்கால் அங்குலம் கூடுதலாகத் துணியை வெட்டி, பசை தடவி ஒட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, மேலே ஒரு கெட்டித் தாளை ஒட்டி மூடிவிட வேண்டும். நன்றாக வந்தால் இதை அடித்துக்கொள்ள வேறு முறை கிடையாது. துணி அட்டையோடு அட்டையாகப் பிடித்துக்கொள்ளும். சுருக்கம் விழாது, நழுவாது, அலமாரியில் வைத்தால் புத்தகமாகவே நிற்கும்.

ஆனால் நன்றாக வருவதற்குச் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நான் எடுத்தது 'வாயில்' என்கிற மெல்லிய ரகத் துணி. வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவிவிட்டேன். அது துணியின் இழைகளுக்கு நடுவே ஊறி மேலே வந்து, காய்ந்ததும் அங்கங்கே பளபளவென்று கஞ்சி போட்ட மாதிரி திட்டாக நின்றது. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. மெல்லிய துணியென்றால் முதலில் அதன் பின்புறத்தில் ஒரு மெல்லிய தாளையோ, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பேஸ்டிங் கேன்வாஸையோ ஒட்டிவிட வேண்டும். பசையையும் துணியில் தடவாமல் அட்டையில் தடவ வேண்டும், அதுவும் பிரஷால் மெல்லிசாக. இன்னொன்று: மேல்பக்கம் மட்டும் துணி ஒட்டிக் காயவிட்டால் பசை இழுத்து அட்டை வில்லாக வளையும். அதே சூட்டோடு உள்பக்கமும் தாள் ஒட்டினால்தான் இரண்டு பக்க இழுப்பும் சரியாகும். அப்புறம் கனமான எதையாவது மேலே வைத்து ஒரு இரவு முழுக்க விட வேண்டும். எங்கள் வீட்டில் கிரைண்டர் கல்லை வைத்தோம்.

பழைய பைண்டர்கள் மைதாப் பசை காய்ச்சித்தான் ஒட்டுவார்கள், பூச்சி அண்டாமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். மயில்துத்தம் விஷம். பிள்ளைகள் புழங்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம். அது கலக்காமல் வெறும் மைதாப் பசை போட்டாலோ, இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்த கணக்கு.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஒட்டு அட்டையைக் கழற்ற முடியாது. சாம்பார் சிந்தினால் சிந்தியதுதான். ஆல்பம் தடிக்கத் தடிக்க அட்டையும் முதுகும் சேரும் மடிப்பில், பைண்டர்கள் கீல் என்று சொல்லும் இடத்தில், இழுப்பு விழுந்து உள்தாள் கிழியும். ஆகவே ஒட்டு அட்டை முடிந்துபோன ஆல்பத்துக்கு ஏற்றது. அப்பா அம்மா காசி, ராமேஸ்வரம் போய்வந்தார்கள், போட்டோ எல்லாம் ஒட்டியாயிற்று, இனி ஒரு பக்கமும் சேர்க்கப் போவதில்லை என்றால் தாராளமாக ஒட்டுங்கள். அதற்கு அதுதான் மரியாதை.

இரண்டாவது, சுற்றுத் துணி. இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் ஏட்டுச் சுவடியையும் கணக்குப் புத்தகத்தையும் துணியில் சுற்றிக் கட்டி வைத்தார்களே, அதேதான். முக்கால் மீட்டர் துணி, ஒரு நாடா, தையலே தேவையில்லை. தூசுக்கு இதைவிட நல்ல காவல் இல்லை, ஏனென்றால் மற்ற உறைகளில் மூன்று பக்கமும் தாள் வெளியே தெரியும், இதில் எதுவும் தெரியாது. மடிப்புக்குள் ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்தால் பூச்சியும் அண்டாது. மஞ்சப்பை இன்னும் சுலபம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு அறிவித்த பிறகு எல்லார் வீட்டிலும் நாலைந்து சேர்ந்திருக்கின்றன; ஒன்றைத் துவைத்து நோட்டை உள்ளே போட்டால் வேலை முடிந்தது. ஆனால் பயணத்தின்போது பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு டிக்கெட்டைச் செருக வேண்டுமென்றால் முடிச்சு அவிழ்த்து, துணி பிரித்து, மறுபடி சுற்ற வேண்டும். இரண்டு நாள் செய்வாள், மூன்றாம் நாள் துணி வீட்டிலேயே இருந்துவிடும். பரணில் வைக்கிற ஆல்பத்துக்குச் சுற்றுத் துணி போதும். கூடவே ஊர் சுற்றுகிற ஆல்பத்துக்கு இது கைகொடுக்காது.

இப்போது தைத்த உறைக்கு வருகிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பிரவுன் தாளில் அட்டை போடுவோமே, அதையே துணியில் தைப்பது. இரண்டு பக்கமும் உள்மடிப்பு இருக்கும். நோட்டின் அட்டை அதற்குள் நுழையும். வேண்டும்போது கழற்றித் துவைக்கலாம், அடுத்த நோட்டுக்கே மாற்றிக்கொள்ளலாம். ஒகேனக்கல் பரிசலைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மூங்கில் பின்னல்தான் பரிசலின் உடம்பு. முன்பு அதன்மேல் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கு விரித்துத் தார் பூசுகிறார்கள். போர்வை நைந்தால் போர்வையைத்தான் மாற்றுவார்கள், கூட்டை உடைக்க மாட்டார்கள். வளர்ந்துகொண்டே இருக்கிற நோட்டுக்கும் அப்படி ஒரு போர்வைதான் வேண்டும் என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

தைத்த உறையில் எல்லாமே அளவில் இருக்கிறது. என் முதல் உறை வீணாகப் போனதும் அளவில்தான். நோட்டை விரித்துப் போட்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை டேப் பிடித்தேன். தைத்து மாட்டினால், திறந்து வைக்கும்போது கச்சிதமாக இருக்கிறது. மூடப் போனால் அட்டை பாதியில் நிற்கிறது, விட்டால் திரும்பவும் திறந்துகொள்கிறது. காரணம் சின்னதுதான். நோட்டு மூடியிருக்கும்போது உறை முதுகைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதற்குத்தான் நீளம் அதிகம் தேவை. விரிக்கும்போது அந்த நீளம் தளர்ந்துவிடும். ஆகவே நோட்டை மூடி வைத்து, முன் அட்டையின் ஓரத்திலிருந்து முதுகைச் சுற்றிப் பின் அட்டையின் ஓரம் வரை டேப்பை வளைத்து அளக்க வேண்டும். தைக்கத் தெரிந்தவர்களும் தவறவிடுகிற இடம் இது.

அவளுடைய நோட்டு 12 அங்குல உயரம், 9 அங்குல அகலம், முதுகு 1 அங்குலம். மூடி அளந்தால் 9, 1, 9 சேர்ந்து 19. தளர்வுக்கு அரை அங்குலம். இரண்டு உள்மடிப்புக்கும் மும்மூன்று அங்குலம். மடித்து அடிக்க ஓரத்துக்கு அரை அரை அங்குலம். மொத்தம் 26½ அங்குல நீளம். உயரத்துக்கு 12, தளர்வு கால், மேலும் கீழும் தையலுக்கு அரை அரை, ஆக 13¼. 36 அங்குலப் பன்னாவில் (பன்னா என்பது துணியின் அகலம்) அரை மீட்டர் எடுத்தால் பன்னா வாட்டத்தில் நீளத்தை வெட்டிக்கொண்டு, மிச்சத்தில் நாடாவுக்கும் ஒரு சின்னப் பாக்கெட்டுக்கும் துணி வந்துவிடும். உங்கள் நோட்டு வேறு அளவாக இருந்தாலும் கணக்கு இதேதான். நூல் கட்டிய ஆல்பமென்றால் முதுகுக்கு மட்டும் இன்னும் ஒரு அங்குலம் சேர்த்து விடுங்கள். உள்மடிப்பை மட்டும் 4 அங்குலத்துக்கு மேல் வைக்காதீர்கள், கெட்டி அட்டையை நுழைக்கும்போது அதிகம் வளைக்க வேண்டிவந்து அட்டை முறியும்.

தைப்பது நேர்த் தையல்தான், எந்த மெஷினிலும் வரும். மேல்துணியின் பின்புறம் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டி, இரண்டு குட்டை ஓரத்தையும் மடித்து அடிக்க வேண்டும். நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, இரண்டு ஓரத்தையும் மும்மூன்று அங்குலம் உள்ளே மடித்துப் போட்டு, அதன்மேல் 17 அங்குல அகல லைனிங்கை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி வைக்க வேண்டும். இப்போது மேலும் கீழும் அரை அங்குலம் விட்டு ஓட்டினால் போதும். லைனிங்கின் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும், அந்த வழியாகப் புரட்டினால் தையலெல்லாம் உள்ளே போய், மடிப்பு இரண்டும் பையாக வந்து நிற்கும். முதன்முதலில் அப்படிப் புரட்டி, மூலைகளை ஒரு குச்சியால் தள்ளி எடுத்தபோது பக்கத்தில் நின்ற அக்கா மகள், "சித்தி, தலகாணி உறை மாதிரியே வருது!" என்றாள். அதே குடும்பம்தான். மெஷின் இல்லாதவர்கள் கையால் பின்தையல் போடலாம், ஒரு சாயங்காலம் பிடிக்கும்.

சரி, எந்தத் துணி? இங்கேதான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

பட்டு என்று முதலில் எல்லாருக்கும் ஆசை வரும். தருமபுரியிலேயே பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிறவர்கள் பலர். ஊர்ப் பொருள் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் தினம் கைபடும் உறைக்குப் பட்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வளையமாகக் கறை நிற்கும், வெட்டிய ஓரம் உடனே பிரியும். பழைய கல்யாணப் பட்டு என்றால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஏற்கெனவே நைந்திருக்கும், தையல் ஊசி அந்தக் கோட்டிலேயே கிழிக்கும். பாட்டி புடவையை வைத்தே ஆக வேண்டும் என்றால் ஜரிகைக் கரையில் ஒரு முழம் மட்டும் எடுத்து, பருத்தித் துணி உறையின் நடுவில் பட்டையாக வைத்துத் தையுங்கள். ஞாபகமும் இருக்கும், உறையும் உழைக்கும்.

பவானி ஜமுக்காளம் பார்க்க அள்ளும். அந்தச் சிவப்பு, பச்சைக் கோடுகள் ஒரு பயண ஆல்பத்துக்கென்றே நெய்தது போலிருக்கும். மேல்துணியாக வைத்தால் கேன்வாஸே தேவையில்லை, அவ்வளவு கெட்டி. அந்தக் கெட்டிதான் தொல்லையும். மூலையில் நாலு மடிப்பு சேர்ந்தபோது என் மெஷினில் இருந்த 14ஆம் நம்பர் ஊசி டக்கென்று உடைந்தது. 18ஆம் நம்பர் ஊசி போட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டித்தான் கடந்தேன். ஓரம் பிரிவதைத் தடுக்க ஓவர்லாக் அடிக்காமல் ஜமுக்காளத்தைத் தொடவே கூடாது. பழகிய டெய்லரிடம் கொடுப்பதானால் எடுங்கள், கையால் தைக்க நினைத்தால் விட்டுவிடுங்கள்.

பழைய ஜீன்ஸ் பேண்ட் பிள்ளைகளுக்குப் பிடித்தது. உழைக்கும், அழுக்குத் தெரியாது, பின் பாக்கெட்டை அப்படியே வெட்டி முன்னட்டையில் வைத்தால் டிக்கெட் செருக இடமாகும். கால் துணியில் இந்த அளவுக்குத் தையல் இல்லாத ஒரே துண்டு கிடைப்பது கஷ்டம். இரண்டு துண்டை முதுகில் வருமாறு இணைக்கலாம். ஊசி 16 போதும்.

நான் கடைசியில் எடுத்தது என் அம்மாவின் பருத்திச் சேலை. இரண்டு குணம் அதில் இருந்தது: மடிந்து கொடுக்கும், பலமுறை துவைத்து இனிச் சுருங்காது. புதுப் பருத்தித் துணி முதல் அலசலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். 26 அங்குலத்தில் அது கிட்டத்தட்ட ஒரு அங்குலம். தைத்த பிறகு சுருங்கினால் உறை நோட்டுக்கு ஏறாது. அதனால் கடைத் துணி எடுப்பவர்கள் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். பழைய சேலையில் எந்தப் பகுதியை எடுப்பது என்பதும் முக்கியம். இடுப்பில் சொருகும் உள்பகுதி வெயில் படாததால் நிறம் மங்காமல் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இழை விலகித் தெரியும் இடம் வேண்டாம். இரண்டு கையால் குறுக்கே வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், சத்தம் வந்தால் அந்த இடமும் வேண்டாம். சிவப்பு, கருநீலம், மெரூன் மாதிரி அடர் நிறமென்றால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். கைக்குட்டையில் நிறம் ஏறினால், மழை நாளில் போட்டோவிலும் ஏறும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிய பிறகுதான் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டும்.

ரெக்சினோ பிளாஸ்டிக் உறையோ போட்டால் தண்ணீர் புகாதே என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி, ஒகேனக்கல் சாரலில் நனைந்தவர்களுக்கு அது புரியும். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுள்ள தாள் அது. வெயிலிலும் சூட்டிலும் வெளிறும். பி.வி.சி. பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தாலும் அதிலுள்ள மென்மையாக்கும் எண்ணெய் மாதிரியான பொருள் பட்டு எழுத்து மறைந்துபோகும். பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்த டிக்கெட் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டதே என்று வருந்துகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் துணியே நல்லது. டிக்கெட்டையும் கிடைத்த வாரத்திலேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மழைக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோய், நனையும் நேரத்தில் மட்டும் நோட்டை அதில் போட்டு எடுத்தால் போதும்.

மூடுவதற்கு என்ன வைப்பது என்பதில்தான் அக்கா மகளுக்கும் எனக்கும் பேச்சு நீண்டது. அவளுக்கு டிச் பட்டன் ஆசை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பட்டன் ஒரே இடத்தில்தான் பூட்டும். இன்று பொருந்துகிற பட்டன் இன்னும் பத்துப் பக்கம் ஒட்டியதும் எட்டாது. எலாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆனால் எப்போதும் இழுபட்டே இருப்பதால் தொய்ந்துவிடும். வெல்க்ரோ சேலைத் துணியின் இழையைப் பிடித்து இழுத்துப் பஞ்சாக்கும். நாடா மட்டும்தான் நோட்டு எவ்வளவு தடித்தாலும் அதற்கேற்பக் கட்ட வரும். அதே சேலையின் மிச்சத்தில் ஒன்றரை அங்குலப் பட்டை வெட்டி, மடித்து அடித்து, முன்னட்டை ஓரத்தின் நடுவில் ஒன்று, பின்னட்டை ஓரத்தின் நடுவில் ஒன்று. உறையை மூடித் தைக்கும் முன்பே ஓர மடிப்பில் வைத்து இரண்டு தரம் தையல் ஓட்ட வேண்டும். பிறகு வைத்தால் பிய்ந்து வரும்.

"நாடா பாக்கப் பழைய காலத்து மாதிரி இருக்குமே, சித்தி" என்றாள். கட்டி ஒரு பூ முடிச்சுப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிப் பார்த்தாள். அப்புறம் பட்டன் பேச்சை எடுக்கவில்லை.

ஆக, இன்னும் பயணம் போய்க்கொண்டிருக்கிற நோட்டுக்கு என் கை போவது தைத்த உறைக்குத்தான்: துவைத்த பருத்தி, உள்ளே கேன்வாஸ், மூட நாடா. முடிந்த ஆல்பத்துக்கு ஒட்டு அட்டை. டெய்லரிடம் கொடுக்கிறவர்கள் நோட்டையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அளவை மட்டும் எழுதிக் கொடுத்தால் முதுகை விட்டுவிடுவார்கள்.

நாடாவை ஒவ்வொரு பக்கமும் 12 அங்குலம் விட்டேன். இப்போது முடிச்சுப் போட்ட பிறகும் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு தீர்த்தமலை போகிறாளாம். அரூர் பஸ் டிக்கெட்டுக்கென்று உள்மடிப்பில் அந்தச் சின்னப் பாக்கெட்டைக் கையால் தைத்துக்கொண்டிருக்கிறாள்.